தலை போகிற காரியம்

பதினோரு மாதம் நான் வசூல்காரனாக இருந்தேன். வேலைக் கடிதத்தில் 'ஃபீல்டு ஆபீசர்' என்று போட்டிருந்தது. ஊருக்குள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பைக் சத்தம் கேட்டதுமே சின்னப் பிள்ளைகள் "குழுக்காரன் வந்துட்டான்" என்று உள்ளே ஓடிப்போய்ச் சொல்லும். காலை ஏழு மணிக்கு சென்டர் மீட்டிங். யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கட்ட வேண்டும். பணம் முழுசாகச் சேரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. இதுதான் குழுக்கடனின் சூட்சுமம். ஆபீசர் கத்தவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளே கத்துவாள்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு ஊர். தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு அக்கா மூன்று வாரமாகக் கட்டவில்லை. மீட்டிங்கிற்கும் வரவில்லை. மேனேஜருக்கு போன் செய்தேன். "வீட்டுக்குப் போய் உட்காரு. பணம் வாங்காம எந்திரிக்காத" என்றார். போனேன். வாசல் படியில் உட்கார்ந்தேன். அந்த அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். பதினொரு மணி ஆனது, ஒரு மணி ஆனது. மறுபடியும் போன் வந்தது. "வயசுப் புள்ள ஒண்ணு இருக்கில்ல அந்த வீட்ல? அதக் கூட்டிட்டு வந்து ஆபீஸ்ல உக்கார வைக்கச் சொல்லு. பணம் தன்னால வரும்."

அந்த வார்த்தையை நான் அப்படியே சொன்னேன். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குக் கேட்டது. உள்ளேயிருந்து அவர் புருஷன் வந்தார். மெலிந்த ஆள், சட்டை போடவில்லை, கையில் ஒன்றும் இல்லை. நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார். "தம்பி, எந்திரிங்க" என்றார். நான் மேனேஜர் பெயரைச் சொன்னேன். "என்ன ஆனாலும் ஆவட்டும். எந்திரிங்க."

எழுந்தேன். பைக்கை ஸ்டார்ட் செய்யும்போது கால் நடுங்கியது.

வேலையை உடனே விடவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் விட்டேன். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து, வேறு ஒன்றுக்காக இப்னு பதூதாவின் பயண நூலைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது மதுரைப் பகுதி மட்டும். 1340-களில் அவர் இங்கே வந்தபோது மதுரையில் சுல்தான்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அப்போதிருந்த சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி. அவருடைய மனைவியும் இப்னு பதூதாவின் மனைவிகளில் ஒருத்தியும் அக்கா தங்கை. சகலை வீட்டுக்கு வந்த மாதிரி வந்தவர், அங்கே கண்டதை மறைக்காமல் எழுதிவைத்துவிட்டார். பிடிபட்டவர்கள் தோளில் சுமந்துவந்த கூர்மரங்களிலேயே அவர்களைக் கழுவேற்றினார்கள். பெண்டு பிள்ளைகளையும் விடவில்லை. வேறு எந்த அரசனும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை என்று வெறுப்போடு எழுதுகிறார்.

தாம்கானி என்றால் தாம்கான் ஊர்க்காரர் என்று அர்த்தம். அது எங்கே இருக்கிறது என்று தேடினேன். வடகிழக்கு ஈரானில், குராசான் போகும் பெருவழியில் இருக்கிறது. அந்த வழியில் கிழக்கே போனால் சப்ஸேவார் வரும். அதே புத்தகத்தில் சப்ஸேவார்க்காரர்களைப் பற்றி இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறார் என்றும் கண்டேன். அங்கே ஒரு கூட்டம் கிளம்பி ஆட்சியைப் பிடித்ததாம். எஜமானர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்களாம். வந்தவனுக்கெல்லாம் குதிரையும் பணமும் கொடுத்தார்களாம். அவர்கள் பாளையத்தில் பொற்காசும் வெள்ளிக்காசும் தரையில் விழுந்து கிடந்தால் உரியவன் வரும்வரை யாரும் தொட மாட்டார்களாம். இப்னு பதூதாவுக்கு இவர்களைப் பிடிக்காது. இவர்கள் ஷியாக்கள், அவர் கறாரான சுன்னி. பிடிக்காதவர் எழுதிய நல்ல வார்த்தை என்பதால்தான் எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

அந்தக் கூட்டத்தின் பெயர் சர்பதார்கள்.

இந்தச் சொல்லில் பாதி நமக்குத் தெரிந்ததுதான். 'சர்' என்றால் தலை. சர்க்கார், சர்தார் எல்லாவற்றிலும் இருப்பது இந்தத் தலைதான். 'தார்' என்றால் தூக்குமரம். தாசில்தார், ஜமீன்தாரில் வருகிற 'தார்' வேறு. அதற்கு 'வைத்திருப்பவன்' என்று பொருள். பாரசீகத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. சர்பதார் என்றால் தூக்குமரத்துக்குத் தலையைக் கொடுத்தவன். நம் ஊரில் 'தலை போனாலும் சரி' என்று சொல்வோமே, அதையே ஒரு ஆட்சிக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்கள்.

கதை பாஷ்தீன் என்ற கிராமத்தில் தொடங்குகிறது. சப்ஸேவாருக்குப் பக்கம். வருஷம் 1337. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1335 நவம்பரில், ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான் அபூ சயீத் வாரிசு இல்லாமல் செத்துப்போயிருந்தார். ஹுலாகு கான் பரம்பரையின் பேரரசு ஆளுக்கொரு துண்டாகப் பிய்ந்துகொண்டிருந்தது. குராசானில் துகாய் தைமூர் என்பவர் தன்னை கான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேலே யார் கான் என்பது குழப்பம். கீழே வரி வசூலில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை.

பாஷ்தீனில் ஹசன் ஹம்ஸா, ஹுசைன் ஹம்ஸா என்று அண்ணன் தம்பி இருவர். ஐந்து மங்கோலியத் தூதர்கள் அவர்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். மது கேட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு வீட்டுப் பெண்களைக் கேட்டார்கள். இந்த அவமானத்தைத் தாங்க முடியாது, எங்கள் தலை தூக்குமரத்துக்குப் போகட்டும் என்று சகோதரர்கள் வாளை உருவி ஐந்து பேரையும் வெட்டிப் போட்டார்கள். பழைய வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதை ஒரே மாதிரி சொல்வதில்லை. செத்தது தூதர்கள் இல்லை, வரி அதிகாரியான அலாவுத்தீன் முஹம்மதின் உறவுக்காரன் என்று ஒரு கதை உண்டு. ஆட்கள் மாறினாலும் வசூலுக்கு வந்தவன், ஒரு வீடு, ஒரு வார்த்தை என்ற மூன்றும் மாறவில்லை.

படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கும்போது நாம் எப்போதும் வாளை உருவுகிறவன் பக்கம்தான் நிற்போம். நானும் அப்படித்தான் படித்துக்கொண்டு போனேன். பாதியில்தான் இந்தக் கதையில் என் இடம் எது என்று உறைத்தது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவன் நான்.

தூதர்கள் ஏன் ஒரு சாதாரண வீட்டில் வந்து இறங்க வேண்டும்? மங்கோலியர் ஆட்சியில் அதுவே ஒரு வரி. அரசாங்க வேலையாகப் போகிற 'இல்சி' எந்த வீட்டிலும் இறங்கலாம். அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் குதிரைகளுக்கும் வீட்டுக்காரன் படி அளக்க வேண்டும். இது தவிர தலைவரி, நிலவரி, வியாபாரத்தின் மேல் 'தம்கா' என்ற வரி. இதற்கெல்லாம் மேலே 'பராத்' என்ற சீட்டு. சம்பளம் கேட்கிறவனுக்கு கஜானாவிலிருந்து காசு கொடுக்காமல், 'இந்த ஊர் வரியிலிருந்து எடுத்துக்கொள்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஊர்மேல் பல சீட்டுகள் விழும். சீட்டு வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் வந்து உட்காருவான்.

இதை எழுதிவைத்தது எதிரி இல்லை. மங்கோலியர்களின் அமைச்சரே எழுதினார். கசான் கானின் வஸீராக இருந்த ரஷீதுத்தீன், தன் பெரிய வரலாற்று நூலில் யஸ்த் பகுதியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார். 1292-இல் ஒரு நிலக்காரர் ஃபிரூஸாபாத் என்ற தன் ஊருக்குப் போகிறார். மூன்று நாள் தேடியும் ஊர்த்தலைவர்களில் ஒருவரையும் காணோம். ஊர் நடுவில் சீட்டு வைத்திருக்கிற வசூல்காரர்கள் பதினேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வயல் காவல்காரனையும் இரண்டு குடியானவர்களையும் பிடித்துவந்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மற்றவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நல்ல வீடு கட்டவே ஜனங்கள் பயந்தார்களாம். இருக்கிற வீட்டையும் பாழடைந்த மாதிரி விட்டுவைத்து, நிலத்துக்கடியில் வழி வைத்துப் போய்வந்தார்களாம்.

ஒளிந்துகொள்வது எனக்குத் தெரியும். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் வந்து உட்காருவார். வட்டிக்காரர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா பின்வாசல் வழியாகப் போய் அடுத்த வீட்டு மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொள்வாள். "அம்மா எங்கடா?" என்பார். "தெரியாது" என்பது என் பாடம். ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா திரும்பி வந்தபோது புடவை முழுக்க வைக்கோல். அதை அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த அதே ஆள்தான் பின்னாளில் பைக்கில் போய் இன்னொரு வீட்டுப் படியில் உட்கார்ந்தது. சம்பளம் பதினான்காயிரமும் பெட்ரோலும்.

இந்த முடிச்சு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சர்பதார்கள் கதையை மேலே படிக்கப் படிக்க, அவர்களும் அதில்தான் சிக்கியிருந்தார்கள் என்று தெரிந்தது.

வாளை உருவியவர்களுக்குத் தலைவனாக வந்தவர் அப்துர் ரஸ்ஸாக். அதே ஊர் நிலக்காரரின் மகன். அபூ சயீதின் சேவகத்தில் இருந்தவர். கெர்மானுக்கு வரி வசூலிக்கப் போய், வசூலித்ததைச் செலவழித்துவிட்டு, என்ன பதில் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ராஜா செத்த சேதி வந்தது என்று சொல்வார்கள். ஆக, வசூல்காரனைக் கொன்ற கலகத்துக்குத் தலைமை தாங்கியதும் ஒரு வசூல்காரர்தான். சப்ஸேவார் அவர்கள் கைக்கு வந்தது. 1338-லேயே அவரை அவர் தம்பி மசூத் குத்திக் கொன்றார். காரணமாகச் சொல்லப்படும் கதை இது. தோற்றுப்போன அதிகாரி குடும்பத்து விதவை ஒருத்தியைக் கட்டாயமாக மணக்க அப்துர் ரஸ்ஸாக் ஆசைப்பட்டார். அவள் தப்பி ஓடினாள். பிடித்துவரப் போனது மசூத். அவள் அழுது கெஞ்சியதைப் பார்த்து விட்டுவிட்டு வந்தார். அண்ணன் ஏசினார். தம்பி கத்தியை எடுத்தார்.

வீட்டுப் பெண்ணைக் கேட்டதற்காகத் தொடங்கிய கலகம். ஒரு வருஷம் போவதற்குள் அதன் தலைவனே ஒரு பெண்ணைக் கேட்கிறான். இந்தக் கதை அப்படியே நடந்ததா, அண்ணனைக் கொன்ற தம்பிக்காகப் பிறகு யாராவது ஜோடித்ததா என்பது வேறு விஷயம். அன்றைக்கு ஜனங்கள் எதை மன்னிக்க முடியாத குற்றமாக நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

மசூத் கெட்டிக்காரர். வாள் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சப்ஸேவார் மசூதியில் ஏற்கெனவே ஒரு நெருப்பு இருந்தது. ஷேக் கலீஃபா என்ற மாஸந்தரான்காரர் அங்கே போதித்துக்கொண்டிருந்தார். 1335-இல் ஒருநாள் காலையில் மசூதித் தூணில் தூக்கில் தொங்கிக் கிடந்தார். அவருடைய சீடர் ஹசன் ஜூரி ஊர் ஊராகப் போனார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கைவினைஞர்களும் கடைத்தெரு ஆட்களும். பெயரைக் குறித்துக்கொண்டு, ஆயுதத்தைத் தயாராக வைத்திரு, வேளை வரும்போது சொல்கிறேன் என்பார். அவர் சிறையில் இருந்தபோது மசூத் போய் மீட்டார். நிலக்காரர் மகனும் தர்வேஷ்களும் ஒன்று சேர்ந்ததும் நிஷாபூர்வரை அவர்கள் கொடி பறந்தது. 1342-இல் ஹெராத் அரசரோடு ஸாவாவில் போர். ஜெயிக்கிற நேரத்தில் ஹசன் ஜூரி வெட்டுப்பட்டுச் செத்தார். மசூதின் ஆள்தான் வெட்டியது என்று பேச்சு. தர்வேஷ்கள் கலைந்தார்கள், போர் தோற்றது. உடன் போயிருந்த கவிஞர் இப்னு யமீன் சிறைபிடிக்கப்பட்டார். அவர் ஆயுள் முழுக்க எழுதிய கவிதைத் தொகுப்பு அந்தக் களத்தில் காணாமல் போனது. பிறகு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தலைவர் மாறித் தலைவர். பத்துப் பேருக்கு மேல். பெரும்பாலோர் சொந்த ஆட்கள் கையால் செத்தவர்கள். இதில் நல்லதும் உண்டு. விளைச்சலில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்திருந்தார்கள். ஷம்சுத்தீன் அலி என்பவர் அந்தச் சீட்டுத் தொல்லையே வேண்டாம் என்று சிப்பாய்களுக்குக் கையில் காசாகச் சம்பளம் கொடுத்தார். இதைப் படித்தபோது எழுந்து கைதட்டலாம்போல இருந்தது. ஃபிரூஸாபாதில் பதினேழு பேரை உட்கார வைத்தது அந்தச் சீட்டுதானே. அடுத்த வரியிலேயே வயிற்றைப் புரட்டியது. ஊரை ஒழுக்கமாக்குகிறேன் என்று 500 விலைமாதர்களைக் கிணற்றில் தள்ளிக் கொன்றவரும் இதே ஆள்தான் என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். இருந்தாலும், பெண்களின் மானத்துக்காகக் கிளம்பிய வாள் பெண்களையே கிணற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனதை எப்படிப் பார்ப்பது? அந்தப் பெண்களுக்கு யார் வாசலில் வந்து நின்றது?

ஷம்சுத்தீன் அலியைக் குத்திக் கொன்றது ஹைதர் கஸ்ஸாப். கஸ்ஸாப் என்றால் இறைச்சி வெட்டுபவர், நம் கசாப்புக் கடையில் இருக்கிற அதே சொல். இந்த ஹைதர் சர்பதார் அரசின் வரி வசூல்காரர். கட்ட வேண்டிய பாக்கி கழுத்தை நெரித்தது. மேலேயிருந்து விடாமல் நெருக்கினார்கள். கடைசியில் கத்தியை எடுத்தார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மேனேஜர் ஞாபகம் வந்தது. அவருக்கும் மேலே ஒருவர் போனில் இருந்திருப்பார். மாசக் கடைசியில் அவர் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு டேபிளில் தலை சாய்த்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1353-இல் அடுத்த தலைவர் யஹ்யா கராவி, பணிந்துபோகிற பாவனையில் துகாய் தைமூரின் பாளையத்துக்குப் போய் அவரைக் கொன்றார். குராசானில் மங்கோலிய கான் என்ற பெயரே அதோடு முடிந்தது. கடைசித் தலைவர் அலீ முஅய்யத். வரப்போகும் இமாம் மஹ்தி ஏறிக்கொள்ள வேண்டும் என்று தினமும் காலையும் மாலையும் ஒரு குதிரைக்குச் சேணம் பூட்டி ஊர் வாசலில் நிறுத்துவாராம். அதே மனிதர் தர்வேஷ்களை அடக்கி, ஷேக் கலீஃபா, ஹசன் ஜூரி இருவரின் சமாதிகளையும் இடித்துப் போட்டார். யாரோ ஏறாத குதிரை ஒன்று வாசலில் நின்றுகொண்டே இருந்தது. 1381-இல் தைமூர் வந்தார். அலீ முஅய்யத் சண்டை போடாமல் பணிந்தார். ஐந்து வருஷம் கழித்து தைமூருக்காகப் போரிடப் போய்க் காயம்பட்டு இறந்தார். தலையைத் தூக்குமரத்துக்குக் கொடுத்தவர்களின் ஆட்சி 44 வருஷத்தில் தலையைக் குனிந்து முடிந்தது.

நண்பன் ஒருவனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் சிரித்தான். "அப்ப என்னடா பிரயோஜனம்? அவங்களும் வரி போட்டாங்க, அவங்களும் கொன்னாங்க." எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. பாஷ்தீன் அண்ணன் தம்பிக்கு அன்று ராத்திரி ஒரு அரசு அமைக்கிற எண்ணம் இருந்திருக்காது. பத்தில் மூன்று பங்கு, சிப்பாய்க்குக் கைக்காசு, ஓடிவந்த அடிமைக்குக் குதிரை, ஒன்றும் அவர்கள் மனதில் இல்லை. கொல்லப்படுவோம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். பின்னால் வந்தவர்கள் செய்த பாவத்தையெல்லாம் அந்த ராத்திரியின் கணக்கில் எழுத என்னால் முடியவில்லை. அதேபோல, அந்த ராத்திரியைக் காட்டி கிணற்றில் விழுந்த பெண்களின் கணக்கை மூடவும் முடியவில்லை. மதுரையில் கழுமரமும் குராசானில் தூக்குமரமும் ஒரே பத்தாண்டுக்குள் நடந்தவை, ஒரே பயணி எழுதியவை. தரையில் கிடந்த காசை யாரும் தொடவில்லை என்பதையும் அவர்தான் எழுதினார். யாராலும் கொஞ்ச காலமாவது அப்படி இருக்க முடிந்திருக்கிறது.

சாத்தூர்ப் பக்கத்து அந்த மனிதர் கையில் வாள் எடுக்கவில்லை. எந்திரிங்க என்றார், அவ்வளவுதான். அவருக்கும் அதற்கு மேல் திட்டம் எதுவும் இருந்திருக்காது. சாயங்காலம் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் வந்து அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பார்கள். கடன் அப்படியே இருந்திருக்கும், வட்டியும் ஓடியிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை உள்ளே அடுப்படியில் நின்று அந்த வார்த்தையைக் கேட்டிருப்பாள். நான் சொன்ன வார்த்தையையும், அவள் அப்பா சொன்ன வார்த்தையையும்.

எழுந்து வந்ததை வைத்து நான் ஏதோ திருந்திவிட்டதாக இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. மறுநாள் ஆபீஸில், "அந்த வீட்டுக்கு நான் போகல சார்" என்றேன். அதுவே பெரிய வீரம் என்று அப்போது நினைத்தேன். மேனேஜர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டார். அவனுக்கு அந்த ஊர் தெரியாது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வலது பக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டி தாண்டி மூன்றாவது வீடு, வாசலில் முருங்கை மரம் இருக்கும் என்று வழி சொன்னவன் நான்தான்.